குச்சி மனிதர்களிடம் என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். சின்ன வயதில் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர் நீங்கள். இப்போது ஆபீசில் இளசுகள் எல்லாம் வெப்காமிக்ஸ், அதாவது இணையத்திலேயே வரும் காமிக்ஸ், வெப்காமிக்ஸ் என்கிறார்கள். யாரோ வாட்ஸ்அப்பில் குச்சி மனிதர்கள் பேசும் படம் ஒன்றை அனுப்பினார்கள். '14 தரங்கள் இருந்த இடத்தில் 15 ஆயிற்று' என்று ஏதோ வந்தது, சிரிப்பு வரவில்லை. சரி என்று மகள் படிக்கும் கொரியத் தொடரைத் திறந்தீர்கள், கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். 'உங்களுக்குப் பிடித்த வெப்காமிக்ஸ் எவை, அதில் அப்படி என்ன சுவை?' என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் கேட்டதுபோல் இருந்தாலும், குறை என்னிடமா அந்தப் படங்களிடமா என்றுதான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. வெறும் பட்டியல் கொடுத்தால் இன்னும் நான்கைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வரப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியும். கோலாலம்பூரில் அனிமேஷன் தொடர்களுக்கு ஸ்டோரிபோர்டு வரைவது என் வேலை. 17 வருடமாக அதுதான் சோறு போடுகிறது. வசனம் எழுதிய தாள் கைக்கு வரும். எந்த வரிக்கு யார் முகம், எந்தக் கோணம், எவ்வளவு நேரம் என்று சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து கொடுக்க வேண்டும். ஆகவே கட்டம், கட்டங்களுக்கு நடுவில் உள்ள வெற்றிடம், நேரம் இவற்றைப் பற்றி நான் சொல்வதைத் தொழிலில் பட்டதாக எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கதை நல்ல கதை என்பதெல்லாம் என் சொந்த ரசனை, அதற்கு ஜாமீன் கிடையாது. இன்னொன்று, எனக்குக் கொரிய மொழி தெரியாது. ஆங்கிலத்தில் வருவதைத்தான் படிக்கிறேன். மூலத்தில் வசனம் எவ்வளவு அழகு என்று பேசும் தகுதி எனக்கு இல்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் என் முதல் போர்டை வாங்கிப் பார்த்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தம்பி, இந்தக் கதவு திறக்க எத்தனை ஃப்ரேம்?" என்றார். நான் விழித்தேன். ஃப்ரேம் என்றால் ஒரு நிலைப்படம், திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். கதவு 12 ஃப்ரேமில் திறந்தால் யாரோ அவசரமாக வருகிறார்கள் என்று அர்த்தம். அதே கதவு 72 ஃப்ரேம் எடுத்துக்கொண்டால் பார்க்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும். படம் அதே படம்தான். திரையில் அந்த நேரத்தை நாங்கள் பூட்டி வைத்துவிடுகிறோம், பார்க்கிறவர் அதில் கை வைக்க முடியாது. காமிக்ஸில் அந்தச் சாவி படிப்பவர் கையில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, அடுத்ததுக்கு எப்போது தாவுவது என்று முடிவு செய்வது நீங்கள்தான். வரைகிறவர் கெஞ்சலாம், ஏமாற்றலாம், வேகத்தைக் கூட்டக் குறைக்கத் தூண்டலாம், அவ்வளவுதான். எனக்கு ஒரு வெப்காமிக் பிடித்திருந்தால், தொண்ணூறு சதவீதம் இந்த ஏமாற்று வித்தை பிடித்துப்போய்தான்.

அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் காமிக்ஸைப் பற்றி காமிக்ஸாகவே ஒரு புத்தகம் எழுதினார், 1993இல். அதில் ஓர் இடம். முதல் கட்டத்தில் ஒருவன் கோடாரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இருட்டில் ஊர், மேலே ஓர் அலறல். வெட்டு விழுந்ததை அவர் வரையவே இல்லை. வெட்டியது நீங்கள்தான், எப்படி வெட்டினீர்கள் என்பதும் உங்கள் விருப்பம் என்கிறார். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் உள்ள வெள்ளைக் கோட்டில் அந்தக் கொலை நடக்கிறது.

உங்களுக்கு இது புதிதே இல்லை. மாயாவியை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் காற்றில் தொங்கும். மீதி உடம்பை எந்த ஓவியரும் உங்களுக்கு வரைந்து தரவில்லை. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான், குனிந்திருக்கிறானா, மூச்சு வாங்குகிறானா என்று பக்கம் பக்கமாக நீங்களே போட்டு நிரப்பிக்கொண்டீர்கள். 10 வயதில் இல்லாத ஒரு ஆளை முழுசாகப் பார்த்த கண்ணுக்குக் குச்சி மனிதன் பெரிய விஷயமா?

இப்போது அந்த வாட்ஸ்அப் படத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது எக்ஸ்கேசிடி என்ற வெப்காமிக்கின் 927ஆம் படம். வரைகிறவர் ராண்டல் மன்ரோ. இயற்பியல் படித்தவர், நாசாவின் ஆய்வு நிலையம் ஒன்றில் ரோபோ வேலை பார்த்தவர். 2005இல் தொடங்கியது, திங்கள், புதன், வெள்ளி என்று இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் படத்தில் நடப்பது இதுதான்: ஒன்றோடொன்று போட்டிபோடும் 14 தரங்கள் (எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்று வகுக்கும் விதிமுறைகள், சார்ஜர் முனைக்கு இருப்பது போல) இருக்கின்றன. "14ஆ? அநியாயம். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று நாம் உருவாக்க வேண்டும்" என்கிறார் ஒருவர். "ஆமாம்!" என்கிறார் இன்னொருவர். அடுத்த கட்டம், 'கொஞ்ச நேரத்தில்': இப்போது 15 தரங்கள் இருக்கின்றன. தொழில்நுட்பத் தரம் என்பதை மறந்துவிடுங்கள். நம் ஊரில் இருக்கும் தமிழ்ச் சங்கங்களை எல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவர ஒரு பேரவை தொடங்கிய கூட்டத்தில் நீங்கள் எப்போதாவது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் படம் உடனே புரியும்.

கவனிக்க வேண்டிய இடம் அந்த 'கொஞ்ச நேரத்தில்'. கூட்டம், தீர்மானம், சண்டை, செயலாளர் தேர்தல் எல்லாம் அந்த இடைவெளியில் நடந்து முடிந்துவிட்டது. இதையே நன்றாக வரையத் தெரிந்த ஒருவர் முகபாவம், மேசை, மின்விசிறி, கோப்பு என்று நுணுக்கமாக வரைந்திருந்தால் கண் அங்கே இங்கே மேயும், வேகம் போய்விடும். குச்சி மனிதனுக்கு முகமே இல்லாததால் கண் நேராக வசனத்துக்குப் போகிறது, வசனத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவுகிறது. வரையத் தெரியாமல் கிறுக்கியது என்று நினைத்தீர்கள் அல்லவா, இப்படிப்பட்ட நகைச்சுவைக்கு அந்த வறுமை ஒரு வசதி. (எல்லாக் குச்சி மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே சோம்பேறித்தனமாக வரைந்ததும் மலை மாதிரி கிடக்கிறது.)

இன்னொரு குறை, அது உங்களுடையது இல்லை. எக்ஸ்கேசிடி படத்துக்குள் ஒரு வரி ஒளிந்திருக்கும். கணினியில் படத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது தெரியும். கைப்பேசிக்கான பக்கத்தில் தட்டித் திறக்க வேண்டும். பாதிச் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. 927இல் ஒளிந்திருக்கும் வரி, நல்லவேளையாக சார்ஜர் பிரச்சினை தீர்ந்துவிட்டது, எல்லாரும் மினி யுஎஸ்பிக்கு வந்துவிட்டோம் என்று பெருமையோடு ஆரம்பிக்கிறது. உடனே, 'இல்லை, மைக்ரோ யுஎஸ்பியா?' என்று தடுமாறிக் கெட்ட வார்த்தையில் முடிகிறது. வாட்ஸ்அப்பில் படத்தை மட்டும் வெட்டி அனுப்பியவர் சாம்பாரை விட்டுவிட்டு இட்லியை மட்டும் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

படத்துக்கும் சுவைக்கும் உள்ள உறவு பற்றி உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் டைனோசர் காமிக்ஸைப் பாருங்கள். கனடாக்காரர் ரயன் நார்த் 2003இல் தொடங்கியது. ஆறு கட்டங்கள். ஒரு பெரிய டைரனோசாரஸ் தனியாகப் பேசுகிறது, அருகில் முகம் காட்டுகிறது, பொம்மை மாதிரி இருக்கும் ஒரு வீட்டின் மேல் காலைத் தூக்குகிறது, அடுத்து ஒரு குட்டிப் பெண்ணின் மேல் காலைத் தூக்குகிறது, பின்னாலிருந்து வேறொரு டைனோசர் வந்து மறுத்துப் பேசுகிறது, கடைசியில் மறுபடி தனியாக நிற்கிறது. அடுத்த முறையும் இதே ஆறு படங்கள்தான். அதற்கடுத்த முறையும். 20 வருடத்துக்கும் மேலாக ஒரு கோடு மாறவில்லை, வசனம் மட்டும் மாறுகிறது. முதல் நாள் பார்த்தபோது இது என்ன கிறுக்குத்தனம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஒரு மாதம் படித்த பிறகு, தத்துவம் பேசிக்கொண்டே வீட்டின் மேல் தூக்கிய அந்தக் கால் வரும் மூன்றாவது கட்டத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். எந்த நொடியில் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதும் ஒரு சுகம். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவர் எப்போது போடுவார் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அவர் போடும்போது சிரிக்கிறோம் இல்லையா, அந்தச் சுகம்.

மன்ரோ இன்னொரு வேலை செய்தார், அதை நான் நேரடியாகப் பின்தொடர்ந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2013 மார்ச் 25ஆம் தேதி ஒரு படம் வந்தது, தலைப்பு 'நேரம்'. கடற்கரையில் குச்சி மனிதர்கள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். வசனம் இல்லை. நான் ஆபீசில் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். மதியம் நண்பன் ஒருவன் சொல்லித் திறந்து பார்த்தால் அதே பக்கத்தில் படம் கொஞ்சம் மாறியிருக்கிறது, மணலில் என்னவோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதல் சில நாள் அரை மணிக்கு ஒரு முறை, அப்புறம் மணிக்கு ஒரு முறை என்று படம் மாறிக்கொண்டே போனது. மணல்கோட்டை வளர்ந்தது. கடல் மட்டம் கொஞ்சம் ஏறுவது தெரிந்தது. ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். ராத்திரி வந்தது, வானத்தில் நட்சத்திரங்கள் வந்தன. அந்த நட்சத்திரங்களின் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, இது பல ஆயிரம் வருடம் கழித்து நடக்கும் கதை என்று படிப்பவர்களே கண்டுபிடித்தார்கள். நான்கு மாதம் ஓடி 3,099 படங்களில் முடிந்தது. மறு ஆண்டு அதற்கு அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹியூகோ கிடைத்தது.

இப்போது அந்த 3,099 படங்களையும் வேகமாக ஓட்டிப் பார்க்கலாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் தூங்கப் போகுமுன் திறந்து, இன்னும் மேடேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் படுத்த அந்த நான்கு மாதம் அதில் இல்லை. என் தொழிலில் நேரத்தைப் பூட்டுகிறோம் என்றேன், காமிக்ஸில் சாவி படிப்பவர் கையில் என்றேன். இந்த ஆள் சாவியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அச்சில் இதைச் செய்யவே முடியாது.

சரி, மகள் படிக்கும் கொரியத் தொடர். அது வேறு இனம், வேறு வித்தை. கொரியாவில் டாவும், நேவர் என்ற இணையதளங்கள் 2003, 2004 வாக்கில் காமிக்ஸ் போட ஆரம்பித்தன. காங் ஃபுல் என்பவர் 2003இல் ஒரு காதல் கதையைப் பக்கம் பக்கமாகப் பிரிக்காமல் மேலிருந்து கீழே ஒரே நீளமாக வரைந்து போட்டது இந்த வடிவத்துக்கு வழி போட்டது. அப்போது கணினித் திரை. பிறகு கைப்பேசி வந்ததும், அதற்கென்றே செய்தது போல் பொருந்திப்போயிற்று.

போன வாரம் எங்கள் நகர ரயிலான எல்.ஆர்.டி.யில் நடந்ததைச் சொல்கிறேன். மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷனில் ஒரு கல்லூரிப் பிள்ளை ஏறி என் பக்கத்தில் நின்றாள். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கைப்பேசி. எட்டிப் பார்ப்பது தப்புதான், தொழில் புத்தி விடவில்லை. திரையைப் பார்ப்பதைவிட அவள் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு வரும் இடத்தில் விரல் சீராகத் தள்ளியது, தறியில் நாடா ஓடுவது போல. ஓர் இடத்தில் வசனம் எல்லாம் நின்று வெறும் கறுப்பு வந்தது. விரலின் வேகம் தானாகக் குறைந்தது. கறுப்பு, இன்னும் கறுப்பு, அப்புறம் கீழே விளிம்பில் ஒரு கை மட்டும் எட்டிப் பார்த்தது. விரல் நின்றுவிட்டது. ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து பசார் செனியின் வெளிச்சம் முகத்தில் அடித்தது, கதவு திறந்து மூடியது, அவள் இன்னும் அந்தக் கையைத் தாண்டிப் போகவில்லை. பிறகு ஒரே தள்ளு. சிரித்துவிட்டாள். யாருடைய கையாக இருந்தது என்று எனக்குத் தெரியாமலே கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் போய்விட்டாள்.

அந்தக் கறுப்பு வீண் இடம் இல்லை. கட்டங்களுக்கு நடுவில் விடும் இடைவெளிதான் இங்கே நேரம். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் காட்சிக்குக் கொஞ்சமாக விட்டால் போதும், வாக்குவாதம் சூடாக இருக்கும். காட்சி மாறும்போது ஒரு முழுத் திரை அளவுக்கு விட்டால் பகல் போய் ராத்திரி வந்ததுபோல் இருக்கும். பழைய புத்தகத்தில் இந்த வேலையைப் பக்கம் திருப்புவது செய்தது. வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் மாயாவி எதையோ பார்த்துத் திகைப்பான், தாளைத் திருப்பினால்தான் தெரியும். அதே வித்தைதான், தாளுக்குப் பதில் விரல். நீங்கள் கடகடவென்று தள்ளியிருப்பீர்கள், அதனால் வலி மட்டும் மிஞ்சியது. கறுப்பு வரும் இடத்தில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள்.

இந்த வடிவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹோராங் என்பவர் 2011இல் போட்ட 'பொங்சொன்-டொங் பேய்' ஒன்று போதும். சின்னக் கதை. ராத்திரி ஆளில்லாத தெருவில் ஒரு மாணவி நடந்து போகிறாள். மேலே சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: சாவி உங்கள் கையில் என்று நான் சொன்னதை நம்பித் தள்ளிக்கொண்டே போவீர்கள், ஓர் இடத்தில் பக்கம் தானாக நகர ஆரம்பிக்கும். நான் அதைப் படித்தது நள்ளிரவு, மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பிய சத்தத்தில் எழுந்தவள் அடுத்த நாள் பசியாறும்வரை என்னோடு பேசவில்லை. கணினியில் படியுங்கள், இதயக் கோளாறு இருந்தால் படிக்காதீர்கள்.

எனக்கு மிகப் பிடித்த கொரியத் தொடர் வேறு: யூன் டே-ஹோ 2012இல் தொடங்கிய 'மிசேங்'. சின்ன வயதிலிருந்து பாதுக் (கறுப்பு வெள்ளைக் காய்களைப் பலகையில் வைத்து ஆடும் 'கோ' ஆட்டம்) ஆட்டக்காரனாக வளர்ந்து, தொழில்முறை ஆட்டக்காரனாக முடியாமல் போன ஒரு பையன், ஒரு வணிக நிறுவனத்தில் பயிற்சி ஊழியனாகச் சேர்கிறான். அங்கே ஒன்றும் தெரியாது, நகல் எடுக்கும் இயந்திரம்கூடத் தகராறு செய்கிறது. 1989இல் நடந்த இங் கோப்பை பாதுக் இறுதிப் போட்டியின் ஐந்தாம் ஆட்டத்தில் வைத்த காய்கள் ஒவ்வொன்றாக அத்தியாயங்களுக்குத் தலைவாசலாக வருகின்றன. கொரியாவின் சோ ஹுன்-ஹியுன் சீனாவின் நியே வெய்பிங்கை வென்ற ஆட்டம் அது. எனக்குப் பாதுக் தெரியாது, ஆனால் அடுத்த காயை வைக்குமுன் ஒருவன் எவ்வளவு நேரம் யோசிக்கிறான் என்பது புரிகிறது. மேலதிகாரி அறைக்குப் போகுமுன் கதவுக்கு வெளியே நிற்கும் நேரமும் அதுதான். ஆபீஸ் வேலை பார்க்கிறவர் நீங்கள், இது உங்களுக்குப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன். 2014இல் தொலைக்காட்சி நாடகமாகவும் வந்தது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், மற்ற பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த நீளத் தொடர்களில் பெரும்பகுதி இழுவை. வாரம் ஒன்று போட்டாக வேண்டும், அதுவும் 50, 60 கட்டங்கள், முழு வண்ணம். யாரால் முடியும்? அதனால் ஒரே முகத்தை மூன்று முறை ஒட்டி, நடுவில் வானத்தைக் காட்டி, 'என்ன...?' என்ற ஒரு சொல்லுக்கு ஒரு திரை கொடுத்து நிரப்புகிறார்கள். விரல் நின்றால் அது நல்ல இடைவெளி, விரல் தாவி ஓடினால் அது இட்டு நிரப்பியது. இதற்கு மேல் எனக்கு வேறு அளவுகோல் இல்லை. அடுத்த அத்தியாயத்துக்குக் காசு கட்டச் சொல்லும் இடத்தில் கதையைத் தொங்க விடுவதும் இப்போது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. இப்படிப் படித்தால் பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும் என்று சிலர் சொல்வதைப் பற்றிக் கேட்காதீர்கள், அது என் துறை இல்லை. நான் பார்த்த அந்தக் கல்லூரிப் பிள்ளை ஒரு கைக்காக ஒரு ஸ்டேஷன் முழுக்க நின்றாள், அவ்வளவுதான் என் சாட்சியம்.

வாரம் ஒன்று போடுவதன் கஷ்டம் எனக்கு நேரிலேயே தெரியும். சில வருடங்களுக்கு முன் நானும் தமிழில் ஒன்று தொடங்கினேன். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் ஒட்டுக்கடை (தெருவோரச் சாப்பாட்டுக்கடை), கடைக்கார அக்காள், தினமும் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்க வரும் இரண்டு கிழவர்கள், ஒரு பூனை. வெள்ளிக்கிழமை தோறும் எட்டுக் கட்டம். படித்தவர்கள் நூறு பேர்கூடத் தேறாது. 11 வாரம் ஓடியது. 11ஆம் வாரம் பூனையைக் காணோம் என்று முடித்தேன். அடுத்த வாரம் ஆபீசில் ஒரு தொடரை ஒப்படைக்க வேண்டிய கெடு, அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிறகு வெட்கத்தில் திறக்கவே இல்லை. பல மாதம் கழித்து தைப்பிங்கிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார்: "அந்தப் பூனை என்ன ஆச்சுங்க?" நான் இன்னும் பதில் எழுதவில்லை. 'தினத்தந்தி'யில் 1960 முதல் 'கன்னித்தீவு' வந்துகொண்டிருக்கிறதே, முடியாத எதையும் கன்னித்தீவு என்று நாம் கேலி செய்கிறோம். ஒவ்வொரு நாளும் தவறாமல் கட்டங்களைக் கொண்டுவந்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த 11 வாரத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. படிப்பவருக்கும் இதில் ஒரு சுகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்றால் இது வரும் என்ற எதிர்பார்ப்பும் காமிக்ஸில் ஒரு பகுதி. மொத்தமாக உட்கார்ந்து 200 அத்தியாயம் படித்தால் அது கிடைக்காது.

தமிழில் ஏன் அதிகம் இல்லை என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். காசு, வாசகர் எண்ணிக்கை எல்லாம் எல்லாரும் சொல்வது. வரைகிற ஆளாக எனக்குத் தெரிந்த ஒரு காரணம் எழுத்து. கைப்பேசித் திரை குறுகல், பேச்சுக்குமிழி அதைவிடக் குறுகல். ஆங்கிலத்தில் நான்கு குட்டிச் சொற்களாக வருவது தமிழில் 'போய்க்கொண்டிருக்கிறார்களாம்' என்று ஒரே சரமாக வந்து குமிழியை முட்டும். பிரித்து அடுத்த வரிக்குத் தள்ளினால் படிக்கும் வேகம் செத்துவிடும். மேலே வளைவு, கீழே சுழி என்று நம் எழுத்துக்கு வரிகளுக்கு நடுவிலும் இடம் வேண்டும், நெருக்கினால் மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கீ'யும் கைகலக்கும். போதாக்குறைக்கு, நான் தொடங்கிய காலத்துப் படமென்பொருளில் தமிழைத் தட்டினால் 'கெ' எழுத்தின் கொம்பு பின்னால் போய் நிற்கும். ஒவ்வொரு குமிழியையும் வேறு இடத்தில் தட்டிப் படமாக்கி ஒட்டினேன். பேச்சுத் தமிழில் எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 'போயிட்டிருக்காங்களாம்' என்பதற்கு இடம் குறைவு, காதிலும் விழுகிறது. கடைக்கார அக்காளுக்கு நம் ஊர்ப் பேச்சு அப்படியே பொருந்தியது. ஆனால் அதைத் தமிழ்நாட்டில் படித்த ஒரு நண்பருக்கு 'தாப்பாவ்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. பொட்டலம் கட்டுவதுதான் என்று சொன்னேன், அதற்குள் சிரிப்பு ஆறிப்போயிற்று.

உங்களுக்கு எதிலிருந்து தொடங்கச் சொல்வேன்? எக்ஸ்கேசிடியை வரிசையாகப் படிக்காதீர்கள், கணிதமும் கணினியும் பாதிக்கு மேல் வரும், எனக்கே சிலது ஏறவில்லை. இஷ்டப்படி ஒன்றைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது, அதைத் தட்டுங்கள், புரியாவிட்டால் மறுபடி தட்டுங்கள். கோடுகளில் உயிர் வேண்டும் என்றால் கனடாவின் கேட் பீட்டன். வரலாற்று மனிதர்களை வைத்து 'ஹார்க்! எ வேக்ரன்ட்' என்று 10 வருடத்துக்கும் மேல் வரைந்தார். ஒரு புருவத்தைத் தூக்கினால் ராஜாவின் மொத்த மானமும் போய்விடும். படிப்புக் கடனை அடைக்க எண்ணெய் வயலில் வேலைக்குப் போன தன் கதையை முதலில் இணையத்தில் சின்னதாகப் போட்டார், அது 2022இல் 'டக்ஸ்' என்ற பெரிய புத்தகமாக வந்தது. படிப்புக் கடன் என்றதும் நம் வீடுகளில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பக்கத்து ஊர் வாடை வேண்டுமென்றால் இந்தியாவின் ரோஹன் சக்ரவர்த்தி வரையும் 'கிரீன் ஹியூமர்'. பல் மருத்துவம் படித்துவிட்டுப் பறவை, தவளை, புலி என்று வரையப் போனவர், 2010இலிருந்து வரைகிறார். ஒரே படத்தில் ஒரு காட்டையே அடைத்து வைப்பார். நம் மலேசியக் கார்ட்டூனிஸ்ட் லாட்டின் 'கம்போங் பாய்' பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நெரிசல் சொந்த வீடு மாதிரி இருக்கும்.

இவற்றில் எதுவும் பிடிக்கவில்லை என்றால் என் ரசனைதான் காரணம், உங்களிடம் குறை தேட வேண்டாம். ஆனால் அதற்குமுன் ஒன்று செய்யுங்கள். இன்று ராத்திரி மகள் படிக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். படத்தைப் பார்க்க வேண்டாம், கட்டைவிரலைப் பாருங்கள். அது எங்கே நிற்கிறதோ அங்கே என்ன வந்தது என்று கேளுங்கள். தொடரின் பெயரையும் கேட்டு இங்கே எழுதுங்கள். எனக்குத் தெரிந்த தொடராக இருந்தால் எந்த அத்தியாயத்திலிருந்து நீங்கள் நுழையலாம் என்று சொல்கிறேன். தெரியாததாக இருந்தால் நானும் முதல் அத்தியாயத்திலிருந்து உங்களோடு தொடங்குகிறேன்.